சிரிப்பைப் பள்ளிக்கூடமாக்கிய கலைவாணர்

புனிதர்கள், விடுதலை வீரர்கள், விஞ்ஞானிகள், நம் திருத்தணி தந்த குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன்... பள்ளி ஆண்டு மலரில் இடம்பெறத் தக்கவர் யார் என்று எண்ணினால் இத்தகையோரே நம் நினைவுக்கு வருவர். இவ்வாண்டு நாம் ஒரு சினிமா நகைச்சுவை நடிகரின் வாழ்க்கையை எழுத முற்பட்டிருக்கிறோம். பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். வகுப்பில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தால் அடங்கி உட்காரச் சொல்லும் நாமே, சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைப் போற்றி எழுதுவதா என்று ஆசிரியைகளும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவர் வாழ்க்கையைப் படித்துவிட்டு அவரவரே விடை கண்டுகொள்ளட்டும்.

அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தந்தையையும் குறிக்கின்றன.

திருத்தணியில் இருப்போருக்கு நாகர்கோவில் மிகத் தொலைவிலுள்ள ஊர். தமிழ்நாட்டின் வட எல்லையில் நாம் இருக்கிறோம். தென் எல்லையில் அது இருக்கிறது. ஆயினும் இரண்டு ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே சில காலம் வேறு ஆட்சிப் பரப்புகளுக்குள் இருந்து, பிறகு தமிழ் நிலத்தோடு சேர்ந்தவை. நாகர்கோவில் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நம் ஊரோ 1953இல் ஆந்திரத்தோடு போய், நெடிய போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திரும்பி வந்தது. எல்லையூர்க்காரர்களுக்கு இரண்டு மொழிகள் காதில் விழும். இரண்டு பக்கத்துப் பழக்கவழக்கங்களும் கண்ணில் படும். கேலிக்கும் கிண்டலுக்கும் பொருள் தேடும் ஒருவனுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

குடும்பத்தில் வறுமை. சிறுவன் கிருஷ்ணன் தொடக்க வகுப்புகளைத் தாண்டிப் படிக்க வழியில்லாமல் போயிற்று. டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னும் வேலை செய்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். தின்பண்டம் விற்கப் போன இடத்தில்தான் மேடை அவரைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் கொடுக்காத படிப்பை அந்தக் கொட்டகை கொடுத்தது. இளமையில் பள்ளிக்குப் போக முடியாமற்போன அந்த ஏக்கம் பின்னாளில் அவருடைய மிகச் சிறந்த படைப்பு ஒன்றில் வெளிப்பட்டதாக நாம் நினைக்கிறோம். அதைப் பிறகு சொல்வோம்.

தென் மாவட்டங்களின் சொத்து வில்லுப்பாட்டு. நம் பக்கத்தில் தெருக்கூத்து எப்படியோ, அந்தப் பக்கத்தில் வில்லுப்பாட்டு அப்படி. நீண்ட வில்லில் மணிகள் தொங்கும். நடுவில் இருப்பவர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்லிப் பாடுவார். குடமும் உடுக்கையும் ஜால்ராவும் துணைக்கு ஒலிக்கும். பக்கத்தில் ஒருவர் இருப்பார். கதை சொல்பவர் ஒரு வாக்கியத்தை முடித்தால் இவர் ஆமாம் போடுவார். சில வேளை ஆமாம் போடாமல் எதிர்க்கேள்வி போட்டு மடக்குவார். கூட்டம் சிரிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கிருஷ்ணன் இளமையிலேயே இந்தக் கலையில் தேர்ந்தார். எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது, கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பேச்சை எப்படி எடுப்பது என்பதெல்லாம் வில்லின் முன்னால் அமர்ந்து அவர் கற்ற பாடங்கள்.

1925ஆம் ஆண்டளவில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்து பாய்ஸ் கம்பெனிகள் ஒருவகையில் குருகுலங்களே. சிறுவர்கள் அங்கேயே உண்டு, உறங்கி, பாடம் கேட்டு, பாட்டுப் பழகி, வேடம் கட்டி ஊர் ஊராகச் சுற்றுவார்கள். அந்தக் குழுவில் கிருஷ்ணன் எந்த வேடத்துக்கும் ஆயத்தமாக இருந்தார். நாடக ஆசிரியர் எழுதித் தந்த நகைச்சுவையோடு நில்லாமல் தாமே காட்சிகளைக் கற்பனை செய்து சேர்த்தார். தேசபக்தி என்னும் நாடகத்தில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். அதுவரை கோயில் கொடைகளில் தெய்வக் கதைகளையும் வீரர் கதைகளையும் சொல்லி வந்த வில், வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் கதையைச் சொல்லிற்று. இன்று நம் பள்ளிகளில் மாணவியர் தூய்மையைப் பற்றியும் மரம் வளர்ப்பதைப் பற்றியும் ஆண்டு விழாவில் வில்லுப்பாட்டு நிகழ்த்துகிறார்களே, அந்தப் பழக்கத்திற்கு வழிகாட்டியவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பேசும்படம் தமிழுக்கு வந்தபோது நாடகக்காரர்கள் அதற்குள் புகுந்தார்கள். கிருஷ்ணன் நடித்த மேனகா 1935இலும், சதிலீலாவதி 1936இலும் வெளிவந்தன. பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். அவர்களுக்கும் சதிலீலாவதிதான் முதற்படம். அந்நாள் முதல் எம்.ஜி.ஆர். கலைவாணரைத் தமக்கு வழிகாட்டியாகவே கருதி வந்தார்.

அதே 1936இல் வசந்தசேனா என்ற படத்திற்காக ஒரு குழு சென்னையிலிருந்து பூனாவுக்கு ரயிலேறியது. சென்னையிலிருந்து பம்பாய், பூனா செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம் கடந்து நம் திருத்தணி வழியாகத்தான் போகிறது. அந்தக் குழுவில் திருவரங்கத்தைச் சேர்ந்த டி.ஏ. மதுரம் என்னும் இளம் நடிகையும் இருந்தார். குழுவினரின் சாப்பாட்டுக்குச் சரியான ஏற்பாடு இல்லாமற்போகவே, கிருஷ்ணன் மதுரத்திடம் பணம் வாங்கி எல்லாருக்கும் உணவுக்கு வழி செய்தார் என்று சொல்வார்கள். கையில் காசில்லாதபோதும் பிறருக்குச் சோறு போடுவது அவர் பழக்கம். கையில் காசு வந்த பிறகும் அப்படித்தான் இருந்தார். ஆகவே இந்தக் கதையை நம்புவதில் நமக்குத் தயக்கமில்லை.

மதுரம் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணைவியானார், கலையிலும் துணையானார். இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அன்றைய படங்களில் பெண்ணுக்கு அழுவதும் பாடுவதும்தான் வேலை. சிரிக்க வைப்பது ஆண்களின் உரிமை. மதுரமோ கிருஷ்ணனுக்குச் சமமாக நின்றார். அவர் ஒன்று சொன்னால் இவர் அதை மடக்குவார். அவர் வீறாப்புப் பேசினால் இவர் ஒரு வார்த்தையில் காற்றைப் பிடுங்கிவிடுவார். பல காட்சிகளில் அறிவாளி மதுரமே. அசடு வழிவது கிருஷ்ணன்தான். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருந்து ஆமாம் போடுபவரின் இடத்தைச் சினிமாவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார் என்றே நாம் இதைப் பார்க்கிறோம். அந்தக் காலத்து நகைச்சுவையில் இன்று நமக்கு ஒவ்வாத சில பேச்சுகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனைவி வென்று கணவன் விழிக்கும் காட்சியை, கணவனே எழுதி, கணவனே நடித்து, ஊரையே சிரிக்க வைத்ததும் அந்தக் காலத்தில்தான்.

எழுதி என்று சொன்னோம். அவர் வெறும் நடிகராக இருந்ததில்லை. தமக்கென்று ஒரு நகைச்சுவைக் குழுவை வைத்திருந்தார். டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி போன்றோர் அதில் இருந்தனர். காட்சியை அவரே அமைத்து, உரையாடலை அவரே வகுத்து, தம் குழுவைக்கொண்டே படமாக்கித் தருவார். படமுதலாளிகள் அந்தப் பகுதியை வாங்கித் தம் படத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த சகுந்தலை 1940இல் வந்தது. காளிதாசனின் கதையில் மோதிரத்தை விழுங்கிய மீன் ஒன்று வருகிறதல்லவா? அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கிருஷ்ணனும் துரைராஜும் மீனவர்களாக வந்து அடித்த கூத்து, அந்தப் படத்தின் பாட்டுகளுக்கு இணையாகப் பேசப்பட்டது. அடுத்தடுத்து ஆரியமாலா, கண்ணகி, ஹரிதாஸ் என்று படங்கள் வந்தன. அவர் பெயர் விளம்பரத்தில் இருந்தாலே கொட்டகை நிறையும் என்ற நிலை ஏற்பட்டது.

அவருடைய நகைச்சுவையில் ஒரு கட்டுப்பாட்டைக் காணலாம். ஊனமுற்றவரையும் ஏழையையும் காட்டிச் சிரிக்க வைப்பதை அவர் நாடவில்லை. பெரும்பாலும் தம்மையே கோமாளியாக்கிக்கொண்டார். அல்லது கண்மூடித்தனத்தை, போலிப் பெருமையை, சாதி பார்க்கும் குணத்தைக் கேலி செய்தார். சமய நம்பிக்கைகளைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றோடும் நாம் உடன்பட வேண்டும் என்பதில்லை. அவருடைய நண்பர்கள் சிலரும் உடன்பட்டதில்லை. ஆயினும் அவருடைய கேலியில் பகை இராது. யாரைக் கேலி செய்தாரோ அவரும் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். சிரித்தவர் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்ப்பார் என்பது அவர் கணக்கு.

இப்படி உச்சியில் இருந்தவருக்கு 1944இல் பேரிடி விழுந்தது. சினிமாக்காரர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறு எழுதி வந்த பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன், அவ்வாண்டு நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலைக்குச் சதி செய்தார்கள் என்று எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் படத்தில் இருவருமே நடித்திருந்தனர். திரையில் அவர்கள் பாடிச் சிரித்துக்கொண்டிருக்க, நேரில் அவர்கள் சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோற்றது.

வீட்டின் தூண் சாய்ந்தால் குடும்பம் என்ன ஆகும்? நாடகக் குழுவை நம்பியிருந்த கலைஞர்கள் என்ன ஆவார்கள்? இங்கேதான் மதுரம் அம்மையாரின் உறுதியை நாம் பார்க்கிறோம். அவர் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கணவர் பெயரிலேயே நாடக சபாவை நடத்தினார். பைத்தியக்காரன் என்ற நாடகத்தை மேடையேற்றினார்கள். பிறகு அதையே படமாகவும் எடுக்கத் தொடங்கினார்கள். வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. வழக்கு இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அங்கிருந்து மறுபடியும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. இம்முறை அவர்களுக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களாக விடுதலை பெற்றனர். மறு ஆண்டு எத்திராஜ் அவர்கள் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தார். உயர்கல்விக்காகச் சென்னை செல்லும் மாணவியர் நன்கறிந்த எத்திராஜ் கல்லூரி அதுதான்.

சிறையில் ஏறத்தாழ முப்பது மாதங்கள் கழிந்திருந்தன. ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே நாளில் விடுதலை. ஆனால் இருவரின் பிற்கால வாழ்க்கையும் வெவ்வேறு திசையில் சென்றன. பாகவதரின் மனம் பெரிதும் நொந்திருந்தது. பழைய புகழ் திரும்பவில்லை, 1959இல் மறைந்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பொய்ப்பழி எல்லாரையும் ஒரே மாதிரி சுடுவதில்லை. கிருஷ்ணனோ வெளியே வந்த சூட்டோடு சூடாக வேலையில் இறங்கினார். பாதி முடிந்திருந்த பைத்தியக்காரன் படத்தில் தமக்கென்று காட்சிகளைச் சேர்த்து நடித்தார். விதவை மறுமணத்தை ஆதரிக்கும் அந்தப் படம் 1947இலேயே வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் பெருஞ்செலவில் எடுத்துக்கொண்டிருந்த சந்திரலேகாவிலும் இவருக்கும் மதுரத்துக்குமாகக் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் இவருக்குக் கலைவாணர் என்ற பட்டத்தை அளித்தார். தண்டனைக் கைதி என்று பெயர் எடுத்தவரை நாடு அதன் பிறகு கலைவாணர் என்றே அழைத்தது.

1948 ஜனவரி 30இல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கலைவாணர் தம் சொந்தச் செலவில் நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் நினைவுத் தூண் ஒன்றை எழுப்பினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து ஆதரித்ததும் இக்காலத்தில்தான். அவர் எழுத, கலைவாணர் காந்தி கதையை மீண்டும் வில்லில் பாடினார். அந்த இளைஞர் வில்லிசை வேந்தராக வளர்ந்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார்.

இனி, முன்பு சொன்ன அந்தச் சிறந்த படைப்புக்கு வருவோம். கதாகாலட்சேபம் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். பாகவதர் ஒருவர் கையில் சப்ளாக்கட்டையோடு நின்று, பாடியும் பேசியும் நடித்தும் புராணக் கதை சொல்வார். நடுநடுவே உபகதைகள் வரும், நகைச்சுவை வரும், பக்கத்தில் பின்பாட்டு இருக்கும். இன்று மேடையில் ஒற்றை ஆளாக நின்று ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர்களை ஸ்டாண்டப் காமெடியன் என்கிறார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த புதுக்கலை என்று இளைஞர்கள் நினைக்கக்கூடும். பட்டையும் கொட்டையுமாகப் பாகவதர் வேடத்தில் நின்று கலைவாணர் நிகழ்த்திய கிந்தனாரைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தை ஒட்டியது கிந்தனார். நந்தன் பண்ணையில் வேலை செய்யும் எளியவன், சிதம்பரம் போய்த் தெய்வத்தைத் தரிசிக்க ஏங்குகிறான், ஆண்டை தடுக்கிறார். கலைவாணரின் கிந்தனும் எளியவன், தாழ்த்தப்பட்ட குலத்தவன். அவன் ஏக்கமோ படிப்பு. பள்ளிக்கூடத்தில் நுழைந்தவனை வாத்தியார் அடித்து விரட்டுகிறார். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போகிறான். அந்த ரயிலைப் பற்றி ஒரு பாட்டு வரும். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் எல்லாரையும் ஒரே பலகையில் உட்கார வைத்து இழுத்துப் போகிறதே என்று அந்தப் புகைவண்டியை வியக்கிற பாட்டு. எழுதியவர் உடுமலை நாராயணகவி. பட்டணத்தில் படித்த கிந்தன் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகி, தன்னை விரட்டிய அதே பள்ளியைப் பார்வையிட வருகிறான். வாத்தியாரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும்.

சிரித்து ஓய்ந்தபின்தான் நெஞ்சில் ஒன்று தைக்கும். விரட்டப்பட்டுத் திரும்பி வராமலே போன கிந்தன்கள் எத்தனை பேர்? ஒழுகினசேரியில் மட்டை பின்னிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனும் வறுமையால் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவன்தானே? நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறுபவர்கள். அவர்கள் பெற்றோர் தறியிலும் வயலிலும் உழைப்பவர்கள். கிந்தனாரை ஒரு முறை இவர்களுக்குக் காட்டினால் விளக்கவுரை ஏதும் தேவைப்படாது.

கிந்தனார் இடம்பெற்ற படம் 1949இல் வந்த நல்லதம்பி. ஃபிராங்க் காப்ரா இயக்கிய அமெரிக்கப் படம் ஒன்றைத் தழுவிய அதற்குக் கதை வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணா. அண்ணா எழுதி வெளிவந்த முதற்படம் அதுவே. சென்னை மாகாணம் முழுவதும் 1948 அக்டோபரில் மதுவிலக்கு வந்திருந்தது. படமும் குடியின் கேட்டைச் சொல்லிற்று. விஞ்ஞானத்தைப் பற்றிய அவருடைய பாட்டு ஒன்றும் புகழ்பெற்றது. பொத்தானைத் தட்டினால் தட்டில் இட்லியும் சட்னியும் வந்து விழ வேண்டும் என்று கேட்கும் பெண்ணின் ஆசையை அதில் கேலியாகப் பாடுவார்கள். அன்று கேலி, இன்று நம் சமையலறைகளில் பாதி பொத்தானில்தான் நடக்கிறது. அடுப்பங்கரையில் கழியும் பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் விஞ்ஞானத்தின் வேலை என்று 1940களிலேயே ஒரு நகைச்சுவை நடிகர் பாடினார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

பின்னர் இயக்குநராகவும் ஆனார். 1951இல் மணமகள், 1952இல் பணம். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. அதுவரை பெரும்பாலும் நடனக் காட்சிகளில் தோன்றி வந்த பத்மினிக்கு மணமகள் படத்தில் நாயகி வேடம் கிடைத்தது. பணம் படமோ வரதட்சணையின் கொடுமையைக் காட்டியது. பராசக்தியை அடுத்து வந்த சிவாஜி கணேசனின் இரண்டாவது படம் அது. விஸ்வநாதன், ராமமூர்த்தி என்னும் இரு இளைஞர்களை இணைத்து இசையமைக்க வைத்தவரும் கலைவாணர்தான். அவ்விரு பெயர்களும் அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒரே பெயராக ஒலித்தன. 1951இல் இந்தியத் திரைப்படத் தூதுக்குழுவில் ஒருவராகச் சோவியத் நாட்டுக்கும் சென்று வந்தார். தாம் கண்டவற்றை ஊர் திரும்பி மேடைகளில் சிரிப்போடு கலந்து சொன்னார்.

ஈட்டிய பொருள் அவரிடம் தங்கவில்லை. கேட்டவருக்குக் கொடுத்தார், கேளாதவருக்கும் கொடுத்தார். வருமானவரி அதிகாரி ஒருவரைப் பற்றிய கதை இன்றும் வழங்கி வருகிறது. கணக்கில் தருமம், தருமம் என்றே ரசீது இல்லாமல் பெருந்தொகைகள் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு அதிகாரிக்கு ஐயம் வந்ததாம். தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல், மகள் திருமணத்துக்குப் பணமில்லை என்று கலைவாணரிடம் உதவி கேட்டாராம். கலைவாணர் மறுபேச்சின்றித் தர முன்வரவே, அதிகாரிக்குக் கணக்கு விளங்கிவிட்டதாம். இத்தகைய தாராளம் ஒரு குடும்பத்தலைவருக்கு ஏற்றதுதானா என்று பெற்றோர் கேட்டால், நம்மிடம் உடனடி விடை இல்லை. கடைசிக் காலத்தில் அவர் பணமுடையில்தான் இருந்தார். அந்த முடையைத் தாங்கியதில் பெரும்பங்கு மதுரம் அம்மையாருடையது.

1956இல் வந்த ராஜா ராணி படத்தில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டி ஒரு பாட்டுப் பாடினார். சங்கீதச் சிரிப்பு, ஆணவச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு என்று சிரிப்பிலேயே மனிதரை இனம் பிரித்துக் காட்டும் காட்சி. அதைக் கண்டவர்கள் சிரிப்பை அற்பமாக நினைக்க மாட்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய நாகர்கோவில் தமிழ் நிலத்தோடு சேர்ந்ததைக் கண்ணாரக் கண்டார். நம் திருத்தணி வந்து சேர்ந்ததைக் காண அவருக்கு ஆயுள் இல்லை. மஞ்சள் காமாலையால் நோயுற்று, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் மறைந்தார். வயது நாற்பத்தெட்டு. அவரும் மதுரமும் நடித்திருந்த அம்பிகாபதி அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தது. மதுரம் அம்மையார் 1974 வரை வாழ்ந்தார்.

1969ஆம் ஆண்டு பொங்கல் திருநாள். நம் மாநிலம் தமிழ்நாடு என்று முறைப்படி பெயர் பெற்ற நாள் அது. அன்று சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். அண்ணா அப்போது கடும் நோயுற்றிருந்தார். அதுவே அவருடைய கடைசிப் பொதுநிகழ்ச்சி. பிப்ரவரி 3இல் காலமானார்.

சென்னை அரசினர் தோட்டத்தில் 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய கட்டடம் பின்பு குழந்தைகள் அரங்காகி, 1974இல் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அதே பெயரில் புதிய அரங்கம் 2016இல் திறக்கப்பட்டது. கொரோனா நோய்ப்பரவலின்போது உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமர வேண்டியிருந்ததால், 2020 செப்டம்பரிலிருந்து தமிழ்நாடு சட்டமன்றம் சில காலம் அங்கேதான் கூடியது. 2021 ஆகஸ்டில் மாநில அரசின் நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்டதும் அந்த அரங்கில்தான்.